எதைக் கணக்கிடாமல் விடலாம்?

புதிதாக ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் வந்தால் அது செய்தியாகிவிடுகிறது. எத்தனை சிப், எவ்வளவு மின்சாரம், விநாடிக்கு எத்தனை கோடி கோடி கணக்கு என்று எல்லா விவரமும் வரும். உள்ளே ஓடப்போகிற அல்காரிதம், அதாவது கணக்கைப் படிப்படியாகப் போடும் வழிமுறை, பற்றி மட்டும் ஒரு வரி இருக்காது. இத்தனைக்கும் விமான இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படிப் பாயும், ஒரு பாலம் எந்த இடத்தில் எவ்வளவு வளையும், மூன்று நாள் கழித்து மழை வருமா என்கிற கணக்குகள் எல்லாம் இன்று நடைமுறையில் ஓடுவதற்குச் சிப்புகள் எவ்வளவு காரணமோ, அதே அளவுக்கு, பல இடங்களில் அதற்கும் மேலாக, அல்காரிதங்கள் காரணம். துறைக்காரர்களின் சுயபுராணம் என்று நினைக்க வேண்டாம், எண்ணிக் காட்டக்கூடிய விஷயம்தான்.

இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம் பாய்சான் சமன்பாடு. ஒரு கட்டிக்குள் வெப்பம் எப்படிப் பரவி நிற்கும், மின்னூட்டங்களைச் சுற்றி மின்னழுத்தம் எப்படி இருக்கும், பாயும் திரவத்துக்குள் அழுத்தம் எங்கே எவ்வளவு என்று எதைக் கேட்டாலும் சுற்றிச் சுற்றி இந்தச் சமன்பாட்டில் வந்து நிற்போம். கணினியில் தொடர்ச்சியான வெளியை வைக்க முடியாது, அதனால் ஒரு கனசதுரத்தைப் பக்கத்துக்கு 64 புள்ளிகளாகப் பிரிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,62,144 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் தன்னை ஒட்டியுள்ள ஆறு புள்ளிகளின் மதிப்போடு கட்டப்பட்டிருக்கும். ஆக 2,62,144 தெரியாத மதிப்புகள், அதே எண்ணிக்கையில் சமன்பாடுகள்.

1947 வாக்கில் இதைத் தீர்க்கக் கையில் இருந்த நம்பகமான வழி, பள்ளியில் படித்த அதே நீக்கல் முறைதான், காஸ் பெயரில் வழங்குவது. சமன்பாடுகள் ஒரு பட்டை மாதிரி ஒழுங்காக அமைந்திருப்பதைப் பயன்படுத்திக்கொண்டாலும் வேலை 64-இன் ஏழாவது அடுக்கு அளவுக்கு வரும், அதாவது 4.4 லட்சம் கோடி. 1950-களில் வந்த சுற்றுமுறைகள் இதைக் கிட்டத்தட்ட நான்காவது அடுக்குக்கு இறக்கின. 1970-களில் அது மூன்றரைக்குப் பக்கத்தில் வந்தது. 1980-களில் மல்டிகிரிட் முறை பக்குவப்பட்டபோது மூன்றாவது அடுக்கு, அதாவது எத்தனை புள்ளியோ அதன் சிறு மடங்கு அளவுதான் வேலை. இதற்குக் கீழே போக வழியில்லை, ஏனென்றால் விடையை எழுதி வைக்கவே அத்தனை வேலை வேண்டும். முதல் முறைக்கும் கடைசி முறைக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1.68 கோடி மடங்கு. 1947-லிருந்து அதுவரையான சுமார் 36 ஆண்டுகளில் கணினிகளின் வேகம் 18 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பானதாகக் கணக்கு வைத்தால் 24 இரட்டிப்பு, அதுவும் 1.68 கோடி மடங்கு.

இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக வருவது 64 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்ததால்தான், அதில் ஒரு சின்ன மேடைத் தந்திரம் உண்டு. ஆனால் 64-க்குப் பதில் 128 எடுத்தால் தராசு அல்காரிதம் பக்கம் இன்னும் 16 மடங்கு சாயும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. பட்டை நீக்கல் முறையோடு இருந்துவிட்டோம், 128 மடங்கு வேகமான இயந்திரம் வாங்குகிறோம் என்றால், அதைக் கொண்டு புள்ளிகளை இரண்டு மடங்கு நெருக்கமாக வைக்கலாம், அவ்வளவுதான். மல்டிகிரிட் கையில் இருந்தால் அதே நெருக்கத்துக்கு 8 மடங்கு வேகம் போதும். வாங்கிய சிப்புக்கு என்ன பலன் கிடைக்கும் என்பதையே உள்ளே ஓடுகிற அல்காரிதம்தான் தீர்மானிக்கிறது.

சரி, மல்டிகிரிட் என்னதான் செய்கிறது? பழைய சுற்றுமுறையிலிருந்து ஆரம்பிப்போம். எல்லாப் புள்ளிக்கும் ஏதோ ஒரு தொடக்க மதிப்பைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு புள்ளியாகப் போய், ஆறு அண்டைப் புள்ளிகளின் சராசரியைக் கொண்டு அதைத் திருத்துவது (அந்த இடத்தில் வெப்ப மூலமோ மின்னூட்டமோ இருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டு), முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. முதல் சில சுற்றுகளில் பிழை மளமளவென்று குறையும், அப்புறம் அப்படியே படுத்துவிடும், ஆயிரம் சுற்று ஓட்டினாலும் லேசில் அசையாது. காரணம் எளிது. புள்ளிக்குப் புள்ளி மேலும் கீழுமாகத் துள்ளுகிற பிழையைச் சராசரி உடனே அடித்துவிடும். பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளமாக, மெதுவாக ஏறி இறங்கும் பிழையிலோ ஒரு புள்ளிக்கும் அதன் அண்டைகளுக்கும் வித்தியாசமே கிட்டத்தட்டக் கிடையாது, சராசரி எடுத்தாலும் பழைய மதிப்பே திரும்ப வரும். பெரிய படுக்கை விரிப்பை உள்ளங்கையால் நீவுவது போல: சின்னச் சுருக்கங்கள் போய்விடும், விரிப்பே கோணலாகக் கிடந்தால் எவ்வளவு நீவியும் நேராகாது.

இங்கேதான் அந்த யோசனை. நெருக்கமான வலையில் மெதுவாக ஏறி இறங்குவதாகத் தெரியும் பிழை, புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்று எடுத்த தளர்ந்த வலையில் பார்த்தால் இரண்டு மடங்கு வேகமாக ஏறி இறங்கும். இன்னும் தளர்த்தினால் இன்னும் துள்ளும். அதனால் நெருக்கமான வலையில் சில சுற்று ஓட்டி, மீந்த பிழையைத் தளர்ந்த வலைக்கு இறக்கி, அங்கே சில சுற்று, அதற்கும் கீழே இறக்கி அங்கே சில சுற்று என்று அடிவரை போய், கண்ட திருத்தங்களை மேலே ஏற்றிக்கொண்டே வருவது. செலவு கூடுமே என்றால், ஒவ்வொரு படியிலும் புள்ளிகள் எட்டில் ஒன்றாகக் குறைகின்றன, கீழே உள்ள அத்தனை வலைகளையும் சேர்த்தாலும் மேல் வலையின் வேலையில் ஏழில் ஒரு பங்குதான். எட்டிலொன்று, அறுபத்து நாலிலொன்று என்று கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

இந்த யோசனை 1960-களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டில் ஃபெடோரென்கோ எழுதியது, 1966-இல் பாக்வலோவ் அதை விரிவாக்கினார். வேலை புள்ளிகளின் எண்ணிக்கை அளவுக்குத்தான் கூடும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். ஆனால் அந்த நிறுவல்களில் எண்ணிக்கைக்கு முன்னால் நின்ற மாறிலி மிகப் பெரியது, அதைப் பார்த்தால் யாருக்கும் நிரல் எழுதிப் பார்க்கும் ஆசை வராது. 1970-களில் இஸ்ரேலின் அகி பிராண்ட் நிஜமாகவே ஓட்டிப் பார்த்து, அந்த மாறிலி நடைமுறையில் மிகச் சிறியது என்று காட்டிய பிறகுதான் முறை பரவியது. காகிதத்தில் உள்ள மேல் வரம்பை நம்பி ஒரு நல்ல முறையைப் பத்தாண்டுக்கு மேல் ஓரம் கட்டி வைத்த கதை இது, இந்தத் துறையில் இது மட்டுமே அப்படி இல்லை.

இதே மாதிரிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கான்ஜுகேட் கிரேடியன்ட் என்ற முறைக்கும் இதே கதி நேர்ந்தது. 1952-இல் ஹெஸ்டனஸ், ஸ்டீஃபெல் இருவரும் வெளியிட்டது. எத்தனை தெரியாத மதிப்போ அத்தனை படியில் மிகச் சரியான விடை கிடைக்கும் என்று சொல்லி அறிமுகமானது. கணினியில் ஓட்டினால் தசமங்களைச் சுருக்கும் பிழைகள் சேர்ந்து அந்த வாக்குறுதி பலிக்கவில்லை, சரி இது ஆகாது என்று பலரும் விட்டுவிட்டார்கள். 1971-இல் ஜான் ரீட் அதே முறையை வேறு கண்ணால் பார்த்தார். கடைசிப் படி வரை எதற்குப் போக வேண்டும்? லட்சம் தெரியாத மதிப்புகள் உள்ள கணக்கில் சில நூறு படியிலேயே தேவையான துல்லியம் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாமே. முறையில் எதுவும் மாறவில்லை, அதனிடம் கேட்ட கேள்வி மட்டும் மாறியது. இன்று பெரிய பொறியியல் கணக்குகள் பலவற்றில் இந்தக் குடும்பத்து முறைகள்தான் ஓடுகின்றன என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இந்தக் குடும்பத்தின் பெயர் கிரைலோவ் முறைகள், 1931-இல் இதற்கு அடிப்படையான ஒரு கட்டுரை எழுதிய ரஷ்யக் கப்பல் பொறியாளர் அவர்.

இதுவரை சொன்னதில் எல்லாம் ஒரே விஷயம் ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்கைப் பற்றி ஏதோ ஒன்று நமக்கு முன்கூட்டியே தெரியும், அந்தத் தெரிவை வைத்துத் தேவையில்லாத வேலையை வெட்டுகிறோம். இதை மிகத் தெளிவாகக் காட்டுவது மின் கட்டமைப்புக் கணக்கு. ஆயிரக்கணக்கான துணை மின்நிலையங்கள், ஆனால் ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ள மூன்று நான்கோடுதான் கம்பியால் இணைந்திருக்கும். இதன் மேட்ரிக்ஸை, அதாவது சமன்பாடுகளின் எண்களை அடுக்கிய அட்டவணையை, எழுதினால் கிட்டத்தட்ட எல்லாமே பூச்சியம். பூச்சியத்தைச் சேமிக்கவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். சிக்கல் எங்கே என்றால், நீக்கல் முறையில் ஒரு மாறியை நீக்கும்போது அதன் அண்டை மாறிகள் எல்லாம் ஒன்றோடொன்று நேரடியாக இணைந்துவிடும், பூச்சியம் இருந்த இடத்தில் புதிய எண்கள் முளைக்கும். நடுவில் ஒரே மையம், அதிலிருந்து ஆயிரம் கிளை போகிறது என்று ஒரு வலையை நினைத்துக்கொள்ளுங்கள். மையத்தை முதலில் நீக்கினால் ஆயிரம் கிளைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பத்து லட்சம் கட்டங்களும் நிரம்பிவிடும். கிளைகளை முதலில் நீக்கி மையத்தைக் கடைசியில் வைத்தால் புதிதாக ஒரு எண்கூட முளைக்காது. சமன்பாடுகள் அதேதான், விடையும் அதேதான், எழுதிய வரிசை மட்டும் வேறு.

ஆகவே எந்த வரிசையில் நீக்குவது என்பது பெரிய கேள்வியாகிவிட்டது, அது எண்கணிதக் கேள்வி இல்லை, வலையமைப்புகளைப் பற்றிய கணினி அறிவியல் கேள்வி. 1967-இல் டின்னி, வாக்கர் என்ற இரண்டு மின் பொறியாளர்கள், அந்தந்த நேரத்தில் வலையின் எந்தப் புள்ளிக்கு இணைப்பு குறைவோ அதை முதலில் நீக்கு என்ற எளிய விதியை முன்வைத்தார்கள். 1973-இல் ஆலன் ஜார்ஜ், வலையை நடுவில் ஒரு மெல்லிய கோட்டால் இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளையும் முதலில் முடித்து, கோட்டில் உள்ளவற்றைக் கடைசிக்கு வைக்கும் முறையைத் தந்தார், உள்ளே மறுபடி அதே பிரிப்பு. 1981-இல் யானகாகிஸ் மிகச் சிறந்த வரிசையைக் கண்டுபிடிப்பது என்.பி. முழுமைக் கணக்கு என்று நிறுவினார், அதாவது எல்லா வலைக்கும் உத்தரவாதமாகச் சிறந்த வரிசை தரும் வேகமான வழி இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அது தெரிந்தும் யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் சிறந்ததற்குப் பக்கத்தில் உள்ள வரிசையே போதும். கட்டடம், விமானம், மின்சுற்று என்று எதன் வடிவமைப்பு மென்பொருளைத் திறந்தாலும் சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு முன்னால் இந்த வரிசைப்படுத்தல் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கும், பயன்படுத்துகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

வேக ஃபூரியே மாற்றம் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 10 லட்சம் அளவீடுகள் கொண்ட ஒரு அலையை அதிர்வெண்களாகப் பிரிக்க நேரடி வழியில் ஒரு லட்சம் கோடி பெருக்கல் வேண்டும், வேக முறையில் சுமார் 2 கோடி. விநாடிக்குப் பத்து லட்சம் கணக்குப் போடும் பழைய இயந்திரத்தில் முதலாவதற்குப் பதினொன்றரை நாள், இரண்டாவதற்கு 20 விநாடி. 1965-இல் கூலி, டூக்கி இருவரும் வெளியிட்டார்கள். இதற்குத் தூண்டுகோல் ரிச்சர்ட் கார்வின், நிலத்தடி அணு வெடிப்புச் சோதனைகளை நில அதிர்வுப் பதிவிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா என்ற கவலை அவருக்கு. பின்னால் தோண்டிப் பார்த்தால் 1805 வாக்கிலேயே காஸ், சிறுகோள்களின் பாதையைக் கணக்கிடுவதற்காக இதே தந்திரத்தை எழுதி வைத்திருக்கிறார், ஃபூரியே தன் ஆய்வை முன்வைப்பதற்கும் முன்னால். அது அச்சேறியதே 1866-இல், அவர் இறந்த பிறகு, லத்தீன் மொழியில். கையால் கணக்குப் போட்ட காலத்தில் இவ்வளவு மிச்சப்படுத்த வேண்டிய அளவுக்குத் தரவு யாரிடமும் இல்லை, அதனால் யாரும் தேடவும் இல்லை.

நட்சத்திரக் கூட்டங்களிலும் மூலக்கூறுகளிலும் வரும் இன்னொரு கணக்கு: ஒவ்வொரு துகளும் மற்ற எல்லாத் துகளையும் இழுக்கும் அல்லது தள்ளும். பத்து லட்சம் துகள் என்றால் ஜோடிகள் மட்டும் ஐம்பதாயிரம் கோடி. 1986-இல் பார்ன்ஸ், ஹட் இருவரும், 1987-இல் கிரீன்கார்ட், ராக்லின் இருவரும் தந்த முறைகளின் சாரம், தூரத்தில் உள்ள கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணாதே, மொத்தமாக ஒரு சுருக்க விவரமாக எடுத்துக்கொள் என்பது. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று நாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அதற்கேற்பச் சுருக்கத்தின் நீளம் அமையும். இந்த 'எவ்வளவு துல்லியம்' என்பதுதான் மொத்தத் துறையின் இன்னொரு பாதி, ஆனால் வேகத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கணினியில் ஒரு எண்ணுக்கு வழக்கமாக 64 பிட் இடம், அதில் ஏறக்குறைய 16 தசம இலக்கம் அடங்கும். பத்தில் ஒன்று என்ற சாதாரண எண்ணைக்கூட இரும எண்ணாக முழுசாக எழுத முடியாது, எங்கேயோ வெட்டியாக வேண்டும். ஒரு வெட்டு ஒன்றும் செய்யாது, லட்சம் கோடி வெட்டுகள் சேர்ந்தால் என்ன ஆகும்? 1940-களில் இது நிஜமான பயம். நீக்கல் முறையில் ஒவ்வொரு மாறிக்கும் பிழை நான்கு மடங்காகப் பெருகலாம் என்று ஹோட்டலிங் 1943-இல் கணித்திருந்தார், அது உண்மையாக இருந்தால் நூறு சமன்பாட்டைத் தீர்ப்பதே வீண் வேலை. ஆனால் நிஜமாகத் தீர்த்துப் பார்த்தவர்களுக்கு விடை நன்றாகவே வந்தது. ஏன் என்று விளக்கியவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் வில்கின்சன். கிடைத்த விடை சரியான விடையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்க்காமல், கிடைத்த விடை எந்தக் கணக்குக்கு மிகச் சரியான விடை என்று அவர் கேட்டார். அந்தக் கணக்கு நாம் கொடுத்த கணக்கிலிருந்து பதினைந்தாவது இலக்கத்தில்தான் வேறுபடுகிறது என்றால், நம் அளவீடே நான்காவது இலக்கத்துக்கு மேல் நம்பத் தகாதது எனும்போது, கணினியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? 1970-இல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது.

இதிலும் ஒரு வினோதம் உண்டு. நீக்கல் முறையில் பிழை ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாகும்படி ஒரு மேட்ரிக்ஸை வேண்டுமென்றே எழுதிக் காட்ட முடியும், வில்கின்சனே காட்டினார். ஆனால் பல பத்தாண்டுகளாக உலகம் முழுவதும் ஓடும் கணக்குகளில் அப்படிப்பட்டது தானாக வந்து மாட்டுவது மிகமிக அபூர்வம். ஏன் வருவதில்லை என்பது கணிதக்காரர்களை இன்னும் வேலை வாங்கும் கேள்வி. திட்டமிடல் கணக்குகளுக்கான (இருக்கிற வரம்புகளுக்குள் லாபத்தைக் கூட்டவோ செலவைக் குறைக்கவோ வழி தேடுபவை) சிம்ப்ளக்ஸ் முறையிலும் இதே கதைதான்: 1947-இல் டான்ட்சிக் தந்தது, நடைமுறையில் பறக்கும், 1972-இல் கிளீ, மின்டி இருவரும் அதைத் திணறடிக்கும் ஒரு செயற்கை உதாரணம் காட்டினார்கள். 1979-இல் கச்சியன் தந்த முறைக்குக் கோட்பாட்டில் உத்தரவாதம் உண்டு, நடைமுறையில் ஆமை. 1984-இல் நரேந்திர கர்மார்கர் தந்த முறைதான் இரண்டையும் ஓரளவு சேர்த்தது. மோசமான நிலையை மட்டும் பார்த்து ஓர் அல்காரிதத்துக்கு மதிப்பெண் போடுவது தவறு என்பதை ஸ்பீல்மேன், டெங் இருவரும் 2001-இல் கோட்பாடாகவே எழுதினார்கள்: எந்த மோசமான உள்ளீட்டையும் லேசாகக் கலைத்துவிட்டால் சிம்ப்ளக்ஸ் சராசரியில் வேகமாகவே ஓடும். நிஜ உலகின் அளவீடுகள் எப்போதும் லேசாகக் கலைந்தவைதான்.

இந்தத் திட்டமிடல் கணக்குகளில் நடந்த முன்னேற்றத்துக்கு ஜெர்மானியக் கணிதவியலாளர் மார்ட்டின் க்ரோட்ஷெல் ஒரு கணக்குச் சொன்னார், அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு 2010-இல் அதை எடுத்துக்காட்டியது. ஓர் உற்பத்தித் திட்டமிடல் மாதிரியை 1988-இன் கணினியும் 1988-இன் அல்காரிதமும் கொண்டு தீர்க்க 82 ஆண்டு ஆகியிருக்கும், 2003-இல் ஒரு நிமிடம். மொத்தம் 4.3 கோடி மடங்கு, அதில் இயந்திரத்தின் பங்கு சுமார் ஆயிரம் மடங்கு, அல்காரிதத்தின் பங்கு சுமார் 43,000 மடங்கு. ஒரே ஒரு மாதிரியை வைத்துச் சொன்னது, எல்லாக் கணக்குக்கும் இதே விகிதம் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேகம், சுருக்கப் பிழை இரண்டும் சரியாக இருந்தும் விடை தவறலாம். 1991 ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லெய்ப்னர் என்ற கடல் எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போது விரிசல் விட்டு மூழ்கியது. சுமார் 70 கோடி டாலர் நஷ்டம். கணக்கிட்ட மென்பொருள் சமன்பாடுகளைச் சரியாகத்தான் தீர்த்திருக்கிறது. ஆனால் அறைகளின் சுவர்கள் சந்திக்கும் முக்கியமான இடத்தில் கணக்கு வலை மிகவும் தளர்வாக இருந்ததால், அங்கே வரும் வெட்டு விசை 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டது, கான்கிரீட்டும் மெலிதாகப் போடப்பட்டது. இதனால்தான் எங்கே பிழை அதிகம் என்று தானே மதிப்பிட்டு, அந்த இடத்தில் மட்டும் வலையை நெருக்கிக்கொள்ளும் முறைகளில் இவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறது. வண்ண வண்ணமாக வரும் படத்தைப் பார்த்து நம்பிவிடுவது பொறியாளர்களுக்கு இன்றும் உள்ள ஆபத்து.

2005-க்குப் பிறகு சிப்புகளின் ஒற்றை மைய வேகம் முன்போல் ஏறவில்லை, மையங்களைப் பெருக்கத் தொடங்கினார்கள். அதோடு கணக்கு வைக்கும் முறையே மாற வேண்டியதாயிற்று. இதுவரை எத்தனை கூட்டல், எத்தனை பெருக்கல் என்று எண்ணினோம். இன்று ஒரு பெருக்கலுக்கு ஆகும் நேரத்தைவிட, அந்த எண்ணைப் பிரதான நினைவகத்திலிருந்து எடுத்து வர நூறு மடங்கு அளவில் நேரம் ஆகலாம், மின்சாரமும் அப்படியே. ஜப்பானின் ஃபுகாகு இயந்திரம் பிரபலமான தரப்பட்டியல் சோதனையில் 442 பீட்டாஃப்ளாப் காட்டியது (ஒரு பீட்டாஃப்ளாப் என்றால் விநாடிக்குப் பத்துக் கோடி கோடி கணக்கு), அந்தச் சோதனை எடுத்து வந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வகை. மேலே சொன்ன கான்ஜுகேட் கிரேடியன்ட் மாதிரியான, நிஜப் பொறியியல் கணக்குக்கு நெருக்கமான சோதனையில் அதே இயந்திரம் காட்டியது 16 பீட்டாஃப்ளாப், நான்கு சதவீதத்துக்கும் கீழே. இத்தனைக்கும் இந்த இரண்டாவது சோதனையில் அது உலகிலேயே முதலிடத்தில் இருந்த இயந்திரம். மற்ற பெரிய இயந்திரங்களில் பலவும் இன்னும் மோசம். செய்திகளில் வருவது முதல் எண்தான்.

அதனால் இப்போது நல்ல அல்காரிதம் என்றால் கூடுதலாகக் கணக்குப் போட்டாவது தரவு நகர்வைக் குறைப்பது. இதே காரணத்தால், காகிதத்தில் மிகக் குறைவாகப் பெருக்கும் சில முறைகளை யாரும் தொடுவதே இல்லை. 1969-இல் ஸ்ட்ராஸன், இரண்டுக்கு இரண்டு மேட்ரிக்ஸ்களைப் பெருக்க எட்டுப் பெருக்கல் வேண்டாம், ஏழு போதும் என்று காட்டினார், அடுக்கு 3-லிருந்து 2.81 ஆனது. அப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்கள் முயன்று 2.372-க்கும் கீழே இறக்கிவிட்டார்கள். ஸ்ட்ராஸன் முறை அங்கங்கே பயன்படுகிறது, மற்றவை லாபம் காட்ட வேண்டுமானால் எந்தக் கணினியிலும் அடங்காத அளவு மேட்ரிக்ஸ் வேண்டும். அழகான கணிதம், அந்த அளவில் மதிக்க வேண்டியதுதான்.

சிப் தயாரிப்பாளர்கள் இப்போது செயற்கை நுண்ணறிவுக்காகச் செய்கிறார்கள், அங்கே 16 பிட், 8 பிட் எண்களே போதும், அவற்றைப் பெருக்குவது 64 பிட்டைவிடப் பல மடங்கு வேகம். அறிவியல் கணக்குக்கு அந்தத் துல்லியம் பத்தாது. இங்கே வில்கின்சன் காலத்து ஒரு பழைய முறை தூசு தட்டி எடுக்கப்பட்டிருக்கிறது: பெரிய வேலையைக் குறைந்த துல்லியத்தில் வேகமாக முடி, கிடைத்த விடையை மூலச் சமன்பாட்டில் போட்டு எவ்வளவு மீதி நிற்கிறது என்பதை மட்டும் முழுத் துல்லியத்தில் பார், அந்த மீதிக்கு மறுபடி குறைந்த துல்லியத்தில் ஒரு திருத்தம். கணக்கு ரொம்பவும் முரண்டு பிடிக்காத வகையாக இருந்தால் சில சுற்றிலேயே முழுத் துல்லியமான விடை வந்துவிடும்.

தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் நரம்பு வலைகளைப் பற்றிச் சொல்லாமல் இன்று இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2023-இல் வெளிவந்த கிராஃப்காஸ்ட் என்ற நரம்பு வலை பத்து நாள் உலக வானிலையை ஒற்றை சிப்பில் ஒரு நிமிடத்துக்குள் தருகிறது, பல அளவுகோல்களில் ஐரோப்பிய வானிலை மையத்தின் வழக்கமான முறையைவிட நன்றாகவும் தந்தது. புரத மடிப்புக் கணிப்புக்காக 2024 வேதியியல் நோபல் பரிசில் பாதி ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய இருவருக்குப் போனது. பழைய அல்காரிதங்களின் காலம் முடிந்தது என்று சிலர் எழுதுகிறார்கள், அவசரப்படுகிறார்கள் என்பேன். கிராஃப்காஸ்ட் படித்த தரவு ஐரோப்பிய மையத்தின் மறுபகுப்பாய்வுத் தொகுப்பு. சிதறிக் கிடக்கும் அளவீடுகளை இயற்பியல் சமன்பாடுகளோடு பொருத்தி, பூமி முழுக்க ஒவ்வொரு மணிக்கும் வளிமண்டலம் எப்படி இருந்தது என்று பழைய வகைக் கணிப்புகள் மூலம் உருவாக்கியது அது. பாடப்புத்தகத்தை எழுதியதே பழைய அல்காரிதம்தான்.

இன்னொரு வித்தியாசம் சோதித்துப் பார்க்கும் விஷயத்தில். சமன்பாடுகளின் தொகுதி ஒன்றுக்கு யாராவது விடை என்று எதையாவது நீட்டினால், அதைச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது மிக மலிவு, மேட்ரிக்ஸை அந்த விடையால் ஒரே ஒரு தடவை பெருக்கினால் போதும். அந்த வசதி இருக்கும் இடங்களில் நரம்பு வலையை இறுதி விடையாக வைக்காமல், கிரைலோவ் முறைகளுக்குத் தொடக்க யூகமாகவோ, சுற்றுகளைக் குறைக்கும் முன்செப்பமாகவோ வைக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. வலை தவறாக யூகித்தால் சுற்றுகள் கூடும், விடை கெடாது, ஏனென்றால் மீதி குறைந்தால்தான் முறை நிற்கும். இப்போது அங்கே ஓடும் வாதம், பயிற்சிக்குச் செலவான நேரத்தை மிச்சமான சுற்றுகள் ஈடுகட்டுமா என்பது. ஒரே மாதிரிக் கணக்கை ஆயிரக்கணக்கான தடவை தீர்க்க வேண்டிய வடிவமைப்பு வேலைகளில் ஈடுகட்ட நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே தடவை தீர்த்துவிட்டுத் தூக்கிப் போடும் கணக்குக்கு மல்டிகிரிட்டைவிட்டு நகர எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.